கடைசி ரீலில் புள்ளி வராது

இரண்டாம் பாகம் வெளியான வெள்ளிக்கிழமை, காலைக்காட்சி முடிந்து தியேட்டர் கதவுகள் திறந்தபோது மணி ஒன்று நாற்பது. ஒன்று நாற்பத்தைந்துக்கெல்லாம் படம் பிடித்தவர்கள் பேசியது பிடிக்காதவர்களுக்குக் கேட்கவில்லை. பிடிக்காதவர்கள் பேசியது பிடித்தவர்களுக்குக் கேட்கவில்லை. மற்றபடி அன்று வெயில் வழக்கமான வெயில், பேருந்துகள் வழக்கமான தாமதம். வாசலில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்ததால், யாருக்கு யார் குரல் கேட்கவில்லை என்று பிரித்துப் பார்க்க ஆளில்லை. முதலில் கண்டுபிடித்தவர் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் வாங்குபவர்தான். "அண்ணே, டோக்கனக் குடுத்துட்டு வண்டியத் தொடுங்க" என்று ஒருவரிடம் நான்கு முறை சொன்னார். அந்த மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். "படம் மொக்கைன்னா அதுக்கு நான் என்னண்ணே பண்றது, டோக்கனக் குடுங்க" என்று தோளைத் தொட்டதும் அவர் திரும்பினார், வாயை மட்டும் அசைத்தார். டோக்கன்காரர் அன்று வீட்டுக்குப் போய் இரண்டு காதிலும் எண்ணெய் விட்டுக்கொண்டார். ஊரில் பாதிப் பேர் விட்டுக்கொண்டார்கள். மறுநாள் எண்ணெய் மட்டும் தீர்ந்திருந்தது.

முதல் பாகம் வந்து பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஊரில் இருப்பது ஒரே தியேட்டர்; அதில் அது நூற்றெண்பது நாள் ஓடியது. சரக்குக் கப்பலுக்குக் கேப்டனான ஒரு பெண் புயலுக்குள் கப்பலைத் திருப்புகிறாள். திரும்பி வரவில்லை. கரையில் அவளுடைய தங்கை விளக்கோடு நிற்கிறாள். எண்ணெய் வீணாகிறதே என்று யாரோ கை நீட்டுகிறார்கள். "அணைக்காதீங்க. அவ வருவா" என்கிறாள் தங்கை. அவ்வளவுதான் படம். வந்தாளா, வரவில்லையா? பன்னிரண்டு வருஷம் ஊர் இதையே மென்றுகொண்டிருந்தது. சலூனில் பேசினார்கள், பேருந்தில் பேசினார்கள், பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடியே பேசினார்கள். வந்திருப்பாள் என்று ஒரு சாரார், போய்ச் சேர்ந்திருப்பாள் என்று ஒரு சாரார். ஆனால் சண்டை கிடையாது. இரண்டு சாராரும் அந்தக் கடைசிக் காட்சியில் ஒரே இடத்தில்தான் மூக்கைச் சிந்தினார்கள்.

அந்தத் தியேட்டரின் ஆபரேட்டருக்கு வீட்டில் மூன்று பேர். மனைவி தையல் மெஷின் போட்டிருந்தாள், ஊருக்கு அவள் டெய்லரம்மா. மகன் மூத்தவன், மகள் சின்னவள். முதல் பாகம் வந்தபோது சின்னவளுக்குப் பத்து வயது. அம்மாவும் பெண்ணுமாக ஓசி பாஸில் பதினேழு தடவை பார்த்தார்கள். படுக்கப் போகும்போது டெய்லரம்மா ஹால் விளக்கின் சுவிட்சில் கை வைப்பாள். போர்வைக்குள்ளிருந்து சின்னவள், தங்கை குரலை அப்படியே கொண்டுவந்து, "அணைக்காதீங்க. அவ வருவா" என்பாள். அம்மா சிரித்துக்கொண்டே அணைத்துவிடுவாள். இந்த விளையாட்டு மூன்று வருஷம் நடந்தது. அப்புறம் மூத்தவன் வேலை தேடி வெளியூர் போனான். இரண்டு கடிதம் வந்தது. அறை மாறப்போகிறேன், புது விலாசம் எழுதுகிறேன் என்று இரண்டாவதில் இருந்தது. புது விலாசம் வரவே இல்லை. ஆபரேட்டர் இரண்டு முறை போய்த் தேடினார், பழைய அறையில் வேறு யாரோ இருந்தார்கள், அவன் விட்டுப்போன ஒரு குடையைக் கொடுத்தார்கள். குடையோடு அவர் வீட்டுக்குள் நுழைந்த நாளிலிருந்து ஹால் விளக்கு அணைக்கப்படவில்லை. பகலிலும் எரிந்தது. பல்பு போனால் ஆபரேட்டர் ஸ்டூல் போட்டு மாற்றுவார், யாரும் எதுவும் பேசமாட்டார்கள். மூத்தவன் பேச்சை எடுக்கக்கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை; நடு ஹாலில் கிடக்கும் பீரோவைச் சுற்றிப் போவதுபோல மூன்று பேரும் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். நடந்து ஒன்பது வருஷம் ஆனபோது இரண்டாம் பாகம் வந்தது.

இரண்டாம் பாகத்தில் கேப்டன் திரும்பி வந்துவிட்டாள். ஒரு தீவில் பன்னிரண்டு வருஷம் நினைவு தப்பிக் கிடந்தாளாம். தலையில் தேங்காய் விழுந்து நினைவு வந்ததாம். வருகிற வழியில் துடுப்பால் நாற்பது பேரை அடிக்கிறாள். விளக்கோடு நின்ற தங்கை இதற்குள் போலீஸ் அதிகாரி ஆகியிருக்கிறாள். கேப்டனைப் போலவே இன்னொருத்தி இருக்கிறாள், அவள் கெட்டவள். பனிமலையில் ஒரு பாட்டு. கடல் படத்தில் பனிமலை எப்படி வந்தது என்று படத்தில் யாரும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை காலைக்காட்சி முடிந்து அம்மாவும் பெண்ணும் வெளியே வந்தார்கள். சின்னவளுக்கு அப்போது இருபத்திரண்டு, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். டெய்லரம்மாவின் கண் இன்னும் காயவில்லை.

"பாத்தியாடி, வந்துட்டா. எப்படியோ வந்துட்டாள்ல? எனக்கு அது போதும்."

"என்னத்த வந்தா? செத்தவ செத்தவளாவே இருந்திருக்கலாம். இப்படித் திரும்பி வரலைன்னு யாரு அழுதா?"

டெய்லரம்மா நின்றுவிட்டாள். அப்போது ஒன்று நாற்பத்து நாலு. சின்னவள் சொன்னதை அவள் முழுசாகக் கேட்டாள். அடுத்த வார்த்தையைக் கேட்கவில்லை. அடுத்த வார்த்தை, "ஐயோ அம்மா, நான் படத்தைச் சொன்னேம்மா" என்பது.

ஒரு மாதத்தில் ஊர் தன்னைச் சரிசெய்துகொண்டது. பிடித்தவர்களுக்கு ஆஹாக்காரர்கள் என்றும் பிடிக்காதவர்களுக்கு ஐயோக்காரர்கள் என்றும் பெயர் விழுந்தது. மூன்றாம் நம்பர் பேருந்தில் டிரைவர் ஆஹா, கண்டக்டர் ஐயோ. "போலாம் ரைட்" கேட்காமல் பேருந்து இரண்டு நாள் ஒரே நிறுத்தத்தில் நின்றது, பிறகு கயிறு கட்டி மணி தொங்கவிட்டார்கள். கோர்ட்டில் ஒரு வக்கீல் ஐந்து மணி நேரம் வாதாடினார், நீதிபதிக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. தீர்ப்பில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. எழுதிக் காட்டினால் என்ன என்று எழுதிப் பார்த்தார்கள். எதிர்ப்பக்கத்துக்காரர் கைக்குப் போனதும் காகிதம் வெள்ளையாக இருந்தது. சைகை காட்டினார்கள், என்ன காட்டினாலும் எதிராளிக்கு அது கெட்ட வார்த்தையாகத் தெரிந்தது. தண்ணீர் வேண்டும் என்று கட்டைவிரலைக் காட்டிய ஒரு மாமனாரை மருமகன் அடிக்கப் போய்விட்டான். வாரப் பத்திரிகையில் இரண்டு விமர்சனம் போட்டார்கள், ஒரே பக்கத்தில். ஆளுக்குப் பாதிப் பக்கம் காலியாகத் தெரிந்தது. பத்திரிகைக்கு எழுத்துப் பஞ்சம் என்று இரண்டு பக்கத்தாரும் குறை சொன்னார்கள். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர், இரண்டு பக்கமும் தொழில் நடக்கட்டுமே என்று, காலையில் படம் பிரமாதம் என்றும் மாலையில் படம் குப்பை என்றும் சொல்லித் திரிந்தார். பலிக்கவில்லை. வாய் சொன்னது செல்லவில்லை, உள்ளே நினைத்தது எதுவோ அதுதான் செல்லுபடியானது. படத்தைப் பார்க்காமலே கருத்து வைத்திருந்தவர்கள் ஊரில் நிறையப் பேர். அவர்களுக்குத்தான் காது சுத்தமாக அடைத்திருந்தது. பெரிய டாக்டர் ஒருவரைத் தலைநகரத்திலிருந்து வரவழைத்தார்கள். அவர் ரயிலிலேயே யாரிடமோ படத்தைப் பற்றி விவாதித்துவிட்டு வந்திருந்தார். பாதி நோயாளிகளின் குரல் அவருக்கே கேட்கவில்லை.

மனதை மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தவர்களும் உண்டு. அவர்கள் திரும்பத் திரும்பப் படம் பார்க்கப் போனார்கள். அண்ணனுக்காகப் படத்தைப் பிடிக்கவைத்துக்கொள்ளப் போன தம்பி, காதலிக்காகப் படத்தை வெறுக்கப் போன பையன், இப்படி. அதனால் இரண்டாம் பாகம் அந்தத் தியேட்டரைவிட்டு நகரவே இல்லை, ஆறு வருஷம் ஓடியது. பார்க்கப் பார்க்கப் பிடித்தவர்களுக்கு இன்னும் பிடித்தது, பிடிக்காதவர்களுக்கு இன்னும் பிடிக்கவில்லை. சின்னவள் அம்மாவுக்காகப் பதினொரு தடவை போனாள். பதினொன்றாவது தடவை தேங்காய் விழுவதற்கு முன்பே எழுந்து வந்துவிட்டாள்.

ஆபரேட்டருக்கு மட்டும் இரண்டு பக்கமும் கேட்டது. காரணம் அவருடைய தொழில். தியேட்டரில் மெஷின் இரண்டு. ஒன்றில் ரீல் முடியும்போது மற்றதில் அடுத்த ரீலைத் தொடங்க வேண்டும், கீழே இருப்பவர்களுக்குத் தெரியக்கூடாது. ரீல் முடியப்போகிறது என்பதற்குத் திரையின் வலது மேல்மூலையில் ஒரு சின்னப் புள்ளி வரும், கண் இமைக்கும் நேரம். அடுத்த மெஷினை ஓடவிட வேண்டும். ஏழு விநாடியில் இரண்டாவது புள்ளி. மாற்ற வேண்டும். தவறவிட்டால் திரை வெள்ளையாகும், கீழே விசில் கிளம்பும். முப்பது வருஷமாக ஆபரேட்டர் எல்லாப் படத்திலும் வலது மேல்மூலையை மட்டுமே பார்த்திருக்கிறார். கதாநாயகிகளின் முகம் அவருக்குத் தெரியாது, அவர்களுக்குப் பின்னால் இருந்த மரக்கிளைகள் தெரியும். கடைசி ரீலில் மட்டும் புள்ளி வராது, அதற்குப்பின் மாற்ற ரீல் இல்லை. ஆகவே அவர் பார்த்ததெல்லாம் படங்களின் முடிவுகள்தான். முதல் பாகத்தில் விளக்கோடு நிற்கும் தங்கையின் முகத்தை அவர் எழுநூறு தடவைக்கு மேல் பார்த்திருந்தார். மெஷின் சத்தத்தில் வசனம் கேட்காது, உதடு அசைவது மட்டும் மனப்பாடம். இரண்டாம் பாகத்தின் கடைசி ரீலை அவர் பார்க்கவில்லை, அதனால் அந்தப் படத்தைப் பற்றி அவருக்குக் கருத்தே கிடையாது. முதல் நாள் அந்த நேரத்தில் கீழே கூச்சல் கிளம்பி முதலாளி அவரைக் கூப்பிட்டுவிட்டார். அப்புறம் அந்த நேரம் அவருடையதாக இல்லாமல் போனது.

ஏனென்றால், ஆபரேட்டருக்கு இரண்டு காதும் கேட்கிறது என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. கடைசி ரீல் ஓடும் பதினேழு நிமிஷம் அவர் சும்மா இருப்பார் என்பதும் தெரிந்துவிட்டது. இரும்புப் படியில் வரிசை நின்றது. என் தம்பியிடம் இதைச் சொல்லுங்கள், என் வீட்டுக்காரியிடம் இதைக் கேளுங்கள், என் பார்ட்னரிடம் கடைச் சாவி எங்கே என்று கேளுங்கள். அவர் கேட்டுக்கொண்டு போய்ச் சொல்லிவிட்டு, பதிலைக் கேட்டுக்கொண்டு வந்து சொல்வார். சொல்லும்போது அவர் ஒன்று செய்தார். அதுவும் தொழில் பழக்கம்தான். ஃபிலிம் கிழிந்து வந்தால் கிழிந்த இடத்தை வெட்டிவிட்டு, நல்ல முனை இரண்டையும் பசை போட்டு ஒட்டி ஓட்டுவது ஆபரேட்டர் வேலை. திரையில் லேசாக ஒரு துள்ளல் தெரியும், அவ்வளவுதான். அதுபோலவே அவர் சேதிகளிலும் கிழிந்த இடத்தை வெட்டினார். "அந்த நன்றிகெட்ட நாய்கிட்டச் சொல்லுங்க, அம்மாவுக்கு ரொம்ப முடியல, வந்து பாக்கட்டும்" என்பது "அம்மாவுக்கு ரொம்ப முடியலையாம், வந்து பாக்கணுமாம்" என்று போய்ச் சேர்ந்தது. அந்தத் தம்பி வந்தான், அம்மாவைப் பார்த்தான். எத்தனையோ வீடுகள் இப்படி ஓடின, லேசான துள்ளலோடு. வெட்டிய சொற்கள் என்ன ஆயின? மெஷின் அறையில் வெட்டிய ஃபிலிம் துண்டுகளைப் போட்டுவைக்கும் பிஸ்கட் டின் ஒன்று இருந்தது. சேதி சொல்லிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் அதில் புதிதாக ஒரு துண்டு கிடந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் சொன்னவரின் முகமும் சொன்ன சொல்லும் தெரிந்தன. ஆபரேட்டர் அதை அதிசயமாக நினைக்கவில்லை. வெட்டினால் துண்டு விழத்தானே செய்யும்.

தன் வீட்டிலும் அவர் அப்படித்தான் வெட்டினார். முதல் வாரமே சின்னவள் படியேறி வந்தாள். "அப்பா, அம்மாகிட்டச் சொல்லு. நான் அண்ணனைச் சொல்லல. சத்தியமா அண்ணனை நெனச்சுகூடச் சொல்லல. படத்தைத்தான் சொன்னேன்." ஆபரேட்டர் வீட்டுக்குப் போனார். டெய்லரம்மா ஒரு சட்டைக்குக் கை தைத்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேல் விளக்கு எரிந்தது. அண்ணன் என்ற சொல் தொண்டைக்கு வந்தது. ஒன்பது வருஷமாக இந்த ஹாலில் விழாத சொல். கிழிந்த இடம் அது. வெட்டினார். "நான் படத்தைத்தான் சொன்னேன்னு சொல்றா" என்றார். டெய்லரம்மா நூலைப் பல்லால் கடித்தாள். இன்னமும் படத்தைப் பற்றித்தான் பேசுகிறாளா இந்தப் பெண்? "அவளுக்கு அவன் திரும்பி வரவேணாம்னா வேணாம். எனக்கு வேணும். சரி, மத்தியானம் சாப்பிட்டாளான்னு கேளுங்க." ஆபரேட்டர் எக்ஸ்சேஞ்சுக்குப் போனார். "சாப்பிட்டியான்னு அம்மா கேட்டா" என்றார். சின்னவள் காதில் ஹெட்போனோடு அவரையே பார்த்தாள். "அவ்ளோதான் சொன்னாளா? நான் சொன்னதுக்கு அவ்ளோதானா பதில்?" அவ்வளவுதான் என்றார் அவர். ஒரு மாதம் கழித்து அவள் எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்துக்கொண்டு போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தாள். மூன்று பேரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். அவர்கள் இருவரும் பேசினார்கள், அவர் நடுவில் உட்கார்ந்து வெட்டி ஒட்டிக் கொடுத்தார். உப்பு கொஞ்சம் கம்மி. அடுத்த வாரம் மழை வருமாம். பேருந்தில் கூட்டமா? ஆறு வருஷம் அந்த வீட்டில் கேட்ட பேச்சு இதுதான்.

ஆறாவது வருஷம் சின்னவளுக்கு மாற்றல் வந்தது. ரயிலில் ஒன்றரை நாள் போக வேண்டிய ஊர். ஞாயிறு மாலை வண்டி. வெள்ளிக்கிழமை அவள் மெஷின் அறைக்கு வந்தாள், கடைசி ரீல் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேம்ப்பா. அன்னைக்கு அண்ணனைச் சொல்லலன்னு சொல்லிவிட்டேனே, அம்மா அதை நம்பவே இல்லையா?"

ஆபரேட்டர் பிஸ்கட் டின்னை எடுத்தார். டின்னைக் கவிழ்த்தார். ஊருடைய வசவுகள் எல்லாம் தரையில் சுருண்டு விழுந்தன. அடியிலிருந்து ஒரு துண்டை எடுத்து மெஷின் வெளிச்சத்தில் பிடித்தார். இருபத்திரண்டு வயதில் சின்னவள், அண்ணன் என்று சொல்ல வாயைத் திறந்தபடி. சின்னவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தவில்லை. "நீயும் ஒரு வேலை பாத்திருக்கியேப்பா" என்றாள்.

அன்றே அவர் துண்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். எல்லாவற்றையும் சொன்னார், வெட்டியது, ஒட்டியது, ஆறு வருஷம். டெய்லரம்மா துண்டை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். அவளுக்கு அது வெறும் ஃபிலிமாக இருந்தது. ஐயோப் பக்கத்துச் சொல் ஆஹாப் பக்கத்துக் கண்ணுக்குத் தெரியாது.

"ஒண்ணுமில்லாததை நீட்டுறீங்க. இத்தனை வருஷம் வெட்டினேங்கிறீங்க, இப்ப ஒட்டுறேங்கிறீங்க. இதுல எது அவ சொன்னது, எது நீங்களா சொல்றது?"

"சத்தியமா அவ சொன்னதும்மா."

"நீங்க எந்தப் பக்கமும் இல்லாத ஆளு. பக்கமில்லாதவங்க சத்தியத்தை வச்சு நான் என்ன பண்ண?" அவள் மெஷினை நிறுத்தினாள். "போய் அந்தப் படத்தை உக்காந்து முழுசாப் பாருங்க. அவ கரையில கால் வைக்கிறதைப் பாருங்க. பாத்துட்டு, அவ வந்தது சரிதான்னு உங்களுக்குத் தோணிச்சின்னா வந்து சொல்லுங்க. அப்ப நீங்க சொல்றதை நம்புறேன்."

இதை அவர் ஒரு சொல் வெட்டாமல் மகளிடம் கொண்டுபோனார். ஆறு வருஷத்தில் அதுதான் முதல் முழுச் சேதி.

"உனக்குப் படம் பிடிச்சிட்டா நான் பேசறது உனக்குக் கேக்காது, தெரியும்ல?" என்றாள் சின்னவள்.

"தெரியும்."

"ஆனா அம்மாவுக்கு நீ சொல்றது கேக்கும். அதைச் சொல்லிடுவ."

"சொல்லிடுவேன்."

"அப்ப பிடிக்கட்டும்ப்பா." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "பனிமலைப் பாட்டுல கண்ண மூடிக்கோ. இல்லன்னா கஷ்டம்."

ஞாயிறு காலைக்காட்சிக்கு முதலாளியே மெஷினைப் பார்த்துக்கொண்டார். ஆபரேட்டர் நடு வரிசையில் உட்கார்ந்தார். முப்பது வருஷத்தில் அந்த நாற்காலிகள் இவ்வளவு முதுகு வலிக்கும் என்று அவருக்குத் தெரியாது. கண் தானாக வலது மேல்மூலைக்குப் போனது. பிடித்து இழுத்து நடுவில் நிறுத்தினார். முதல் புள்ளி வந்ததும் கால் தானாக எழுந்தது. பக்கத்தில் இருந்தவர் முறைத்தார். இரண்டாவது ரீலில் தேறிவிட்டார். புயல் நன்றாக இருந்தது. தீவும் நன்றாகத்தான் இருந்தது. கேப்டன் தன் பெயரை மணலில் எழுதிப் பார்த்து, அது யார் பெயர் என்று தெரியாமல் அழிக்கிற இடத்தில் அவர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். இடைவேளையில் அவர் நம்பிக்கையோடு இருந்தார். இடைவேளைக்குப் பிறகு துடுப்பு வந்தது, கெட்டவள் வந்தாள், பனிமலை வந்தது. அவர் கண்ணை மூடவில்லை. முழுசாகப் பார்க்கச் சொல்லியிருந்தாள் டெய்லரம்மா; சேதியைச் சொல்லிவிடுவதாக மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பிடித்தே ஆக வேண்டும் என்று இருக்கையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். கடைசி ரீல். புள்ளி இல்லை. கேப்டன் படகிலிருந்து இறங்கி ஈர மணலில் வலது காலை வைத்தாள். திரை முழுக்க அந்தக் கால். அவருக்கு ஒரு குடையும், பழைய அறை ஒன்றின் வாசலும் நினைவு வந்தன. அவன் கால் இப்போது எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நினைத்தார். கண்ணில் நீர் திரண்டது. அப்போது கேப்டனுக்குப் பின்னால் நாற்பது பேர் கலர் குடைகளோடு ஆட வந்தார்கள். பாட்டு நீளம். ஆபரேட்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பார்த்தது ஒரு கணம்தான். அது போதுமானதாக இருந்தது.

வாசலில் ஆஹாக்காரரான முதலாளி காத்திருந்தார். ஆபரேட்டர், "நல்லா இருக்கு முதலாளி, பிரமாதம்" என்றார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தை. முதலாளி அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முதலாளியின் வாய் அசைந்தது, சத்தம் இல்லை. சரி, அப்படியானால் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, ஆபரேட்டர் டோக்கன்காரரிடம் போனார், அவர் ஊரறிந்த ஐயோக்காரர். டோக்கன்காரர் வாயும் அசைந்தது, சத்தம் இல்லை. ஆபரேட்டர் தெருவில் நின்று காது கொடுத்துக் கேட்டார். பேருந்து ஹாரன் கேட்டது. சைக்கிள் மணி கேட்டது. எங்கோ ஒரு கதவு அடித்துக்கொண்டது. மனிதர் பேச்சு மட்டும் எந்தப் பக்கத்திலிருந்தும் வரவில்லை. அவர் உள்ளே என்ன நினைத்திருந்தார் என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது: முதல் பாதி பரவாயில்லை, இரண்டாம் பாதி இழுவை, ஒரு தடவை பார்க்கலாம். ஊரில் அப்படி நினைத்தவர் வேறு யாரும் இல்லை. எதிர்ச்சுவரில் ஒருவர் ஏணி போட்டு மூன்றாம் பாகத்தின் போஸ்டரை ஒட்டிக்கொண்டிருந்தார். கீழே ஆஹாக்காரர்களும் ஐயோக்காரர்களும் கலந்து நின்று அண்ணாந்து பார்த்தார்கள். இதில் எல்லாம் சரியாகிவிடும் என்பதுபோல இருந்தன முகங்கள்.

வீட்டில் சின்னவள் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். டெய்லரம்மா மெஷின் முன்னால். மணி மூன்று. இரண்டு பேரும் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்கள். ஆபரேட்டர் மனைவியின் எதிரில் போய் நின்று, "அவ அண்ணனைச் சொல்லல. படத்தைச் சொன்னா. அப்பவே சொன்னா, நாந்தான் வெட்டிட்டேன்" என்றார். தன் குரல் அவருக்குக் கேட்டது. டெய்லரம்மா அவர் தொடங்குவதற்காகக் காத்திருந்தாள். மறுபடி சொன்னார். மூன்றாவது முறை கத்திச் சொன்னார். மூத்தவனின் பெயரையே சொன்னார், பதினைந்து வருஷத்தில் முதல் முறையாக. டெய்லரம்மாவின் முகம் மெல்ல இறுகியது. இவர் குரல் எனக்குக் கேட்கவில்லை என்றால் இவர் அந்தப் பக்கம் போய்விட்டார். அவன் வரவேண்டாம் என்று இவருக்கும் தோன்றிவிட்டது. அவள் தலையைக் குனிந்து மெஷினை மிதிக்கத் தொடங்கினாள். சின்னவளுக்கும் அவர் குரல் கேட்கவில்லை. அவள் முகம் மலர்ந்தது. அப்பாவுக்குப் படம் பிடித்துவிட்டது, அப்படியானால் சொல்லிவிட்டார், அம்மா கேட்டுவிட்டாள். எழுந்து நின்று அம்மாவைப் பார்த்தாள். அம்மா நிமிரவில்லை. கேட்ட பிறகுமா? என்று அவள் முகம் கேட்டது. அப்புறம் அந்தக் கேள்வியும் முகத்திலிருந்து போய்விட்டது. குனிந்து பெட்டியை எடுத்தாள்.

ஆபரேட்டர் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றார். செய்ய ஒன்றும் இல்லை. கடைசி ரீல் ஓடி முடிந்தால் விளக்கை நிறுத்த வேண்டும். முப்பது வருஷமாகக் கைக்குப் பழகிய வேலை அது. கை தானாக எழுந்து ஹால் சுவிட்சில் பட்டது. தையல் மெஷின் நின்றது. டெய்லரம்மா திரும்பினாள், வாசலில் சின்னவள் திரும்பினாள். இரண்டு பேர் உதடும் ஒரே நேரத்தில் அசைந்தன. சத்தம் இல்லை. ஆனால் அந்த அசைவு அவருக்குத் தெரியும், எழுநூறு தடவைக்கு மேல் பார்த்தது. அணைக்காதீங்க, என்றன இரண்டு வாயும். ஒருத்தி சொன்னது மற்றவளுக்குத் தெரியவில்லை; டெய்லரம்மா துணிப்பக்கம் திரும்பிக்கொண்டாள், சின்னவள் படியிறங்கிவிட்டாள். ஆபரேட்டர் கையை எடுத்துக்கொண்டார். பல்பு கொஞ்சம் மங்கலாக எரிவதாகத் தோன்றியது. புதிது ஒன்று வாங்கி வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, மேட்னிக்கு நேரமாகிவிட்டதால் தியேட்டருக்குக் கிளம்பினார்.